வடக்கே கொளச்சல்

1997 ஜனவரி 13, திங்கள்

காலையிலிருந்து வெங்காய மூட்டை ஏறுகிறது. செங்கலை நேற்றே அடியில் அடுக்கியாகிவிட்டது. அதன்மேல் பலகை போட்டு வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றுகிறோம். மூட்டைகளுக்கு நடுவே காற்றுப் போகச் சந்து விட வேண்டும். பக்கத்தில் நின்று சொல்லாவிட்டால் எவனும் விடுவதில்லை. நாளை பொங்கல். சுமை ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். சனிக்கிழமைக்கு முன் தோணி தூத்துக்குடியை விட்டு நகராது.

மதியம் முதலாளி கிட்டங்கிக்குக் கூப்பிட்டுவிட்டார். உட்கார நாற்காலி போடச் சொன்னார். இத்தனை வருடத்தில் எனக்கு அங்கே நாற்காலி போட்டதில்லை. அப்போதே மனம் இடறியது.

"இந்த நடை மாலத்தீவுக்குப் போயிட்டு வாரும், கஸ்பார். அடுத்த நடையிலருந்து ரெமி தண்டலா இருக்கட்டும். நீரு கரையில கிட்டங்கியப் பாத்துக்கிடும்."

போன நடையில் மாலே துறைமுக வாசலில் தோணி பாறையில் உரசியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அன்றைய நீரோட்டம் எப்படி இருந்தது என்று சொல்லியிருப்பேன். பேசாதவரிடம் எதைச் சொல்வது? சரி என்று எழுந்து வந்துவிட்டேன்.

ரெமி என் மகள் செலினின் புருஷன். நான்தான் இந்தத் தோணியில் கலாசியாகச் சேர்த்துவிட்டேன். என் வீட்டில் குடியிருக்கிறான். இனி என் இடத்தில் தண்டலாக நின்று தோணியும் ஓட்டுவான்.

ஜனவரி 15, புதன்

பொங்கல் ஓய்வு. தோணியின் கிழிந்த பாயைத் தைக்கக் கொடுத்திருந்தேன், போய் வாங்கி வந்தேன். தையல் சரியில்லை.

மதியம் செலின் சீலா மீன் பொரித்திருந்தாள். பரிமாறிக்கொண்டே, இனி அப்பாவுக்கு வெயிலும் வேண்டாம், உப்புத் தண்ணீரும் வேண்டாம், கரையில் இருந்தால் வேளைக்குச் சாப்பிடலாம் என்றாள். முதலாளி எனக்குச் சொல்வதற்கு முன்பே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இவளே முதலாளி வீட்டு அம்மாவிடம் போய்க் கேட்டிருக்கவும் கூடும். ரெமி தலை குனிந்து சாப்பிட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பான்?

மீனில் உப்புக் கூடுதல்.

ஜனவரி 18, சனி

காலையில் 'அடைக்கல மாதா' புறப்பட்டது. வழக்கம்போல் சுக்கான் அறையில் இருக்கும் மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினோம். செபத்தை எப்போதும் தண்டல்தான் தொடங்குவது வழக்கம். தொடங்கினேன். துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் பெரிய பாயையும் விரித்தோம். வாடைக்கொண்டல் பின்னாலிருந்து தள்ளுகிறது. எஞ்சினுக்குப் பாதி வேலைதான். டிரைவர் தொம்மைக்கு அதில் சந்தோஷம்.

பண்டாரி அலங்காரம் முதல் நாள் சமையலில் எப்போதும் கருவாட்டுக் குழம்பு வைப்பான். எல்லோரும் சாப்பிட்டார்கள். ரெமி மட்டும் வேண்டாம் என்றான். தொப்புளைச் சுற்றி வலிக்கிறதாம். நேற்று ராத்திரி கடையில் புரோட்டா தின்றிருக்கிறான். அதன் பலன். தண்டல் ஆகப்போகிறவனுக்கு வாயைக் கட்டத் தெரிய வேண்டாமா? ஓமத் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன்.

ஜனவரி 19, ஞாயிறு

ரெமி இரண்டு தடவை வாந்தி எடுத்தான். வலி இப்போது வலது பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டதாம். வலது காலை மடக்கிக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவில் சுருண்டு கிடக்கிறான். வயிற்றில் அழுக்கு தங்கியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. விளக்கெண்ணெய் எடுத்து வரச் சொன்னேன். அலங்காரம் தயங்கினான். அவனுடைய தங்கைக்கு இப்படி வலித்தபோது பேதிக்குக் கொடுக்கவே கூடாது என்று டாக்டர் திட்டினாராம். அவன் தங்கைக்கு என்ன வியாதியோ. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் விளக்கெண்ணெய்தான் கொடுத்தோம், ஒருவரும் சாகவில்லை. நானே டம்ளரைப் பிடித்துக் குடிக்க வைத்தேன்.

மதியம் குமரி முனையைத் தாண்டியிருந்தோம். தொம்மை எஞ்சின் அறையிலிருந்து ஏறி வந்து, கையைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"தண்டல், வடக்கதான கொளச்சல் இருக்கு. இப்பம் திருப்பினா இருட்டுறதுக்குள்ள போயிரலாம். அவன இறக்கி விட்டுட்டு நாம போவம்."

சரக்கு ஏற்றிய தோணி நினைத்த கரையில் போய் நிற்க முடியாது என்றேன். கஸ்டம்ஸ்காரன் ஆயிரம் கேள்வி கேட்பான். இந்த மாதிரிக் காற்று நாளை இருக்கும் என்று யார் சொன்னது? மழைத் தூறல் வேறு போட்டது. வெங்காயம் ஒரு தடவை புழுங்கினால் போச்சு. இதையெல்லாம் டிரைவருக்கு விளக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. இருந்தாலும் சொன்னேன். அவன் இறங்கிப் போகாமல் நின்றான். ரெமியே திரும்பச் சொல்லிக் கேட்கவில்லை, நீ ஏன் குதிக்கிறாய் என்றேன்.

அதற்கு அப்புறம் ரெமியும் கேட்டான். பிற்பகல் சுக்கான் அறை வாசல் வரை பிடித்துப் பிடித்து வந்து உட்கார்ந்தான்.

"மாமா, தாங்க முடியல. கொளச்சல்ல விட்டுருங்க. நான் பஸ்ஸப் பிடிச்சு வீட்டுக்குப் போயிருதேன்."

"எண்ணெ வேலை செய்யட்டும் மாப்பிள. சாயங்காலத்துக்குள்ள சரியாயிரும்."

அவன் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். கிழவன் கடைசி நடையையும் கோட்டை விட்டான், மருமகனுக்கு வயிற்று வலி என்று பயந்து தோணியைத் திருப்பிவிட்டான் என்று துறைமுகம் முழுக்கப் பேசுவார்கள். அதைத்தான் இவன் விரும்புகிறானோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நோய்க்காரனைப் பற்றி அப்படி நினைக்கக் கூடாது. ஆனால் தோன்றியது.

சாயங்காலம் வரை கொளச்சல் பக்கம் கரை மங்கலாகத் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

ஜனவரி 20, திங்கள்

ரெமிக்கு வலி நின்றுவிட்டது.

விடிகாலையில் ஒரே அலறலாக அலறினான். அதன்பின் சட்டென்று அடங்கிவிட்டதாம். நான் போய்ப் பார்த்தபோது காலை நீட்டிப் படுத்திருந்தான். முகத்தில் பழைய தெளிவு. விளக்கெண்ணெய் வேலை செய்துவிட்டது. அலங்காரத்தையும் தொம்மையையும் கூப்பிட்டு, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். தொம்மை இறங்கிப் போனான். அலங்காரம், எல்லாம் மாதா செயல் என்றான். எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல அவனுக்கும் மனமில்லை.

நல்ல வேலை நாள். எல்லாக் கலாசிகளையும் வைத்து மேல் வரிசை மூட்டைகளைப் புரட்டிப் போட்டோம். அழுகின வெங்காயத்தைப் பொறுக்கிக் கடலில் எறிந்தோம். அடித்தண்ணீர் இறைக்கும் பம்பில் தோல் வாஷர் மாற்றினேன். பெரிய பாயின் தையல் நான் நினைத்தபடியே விட்டுவிட்டது, இறக்கி நானே தைத்தேன். ஊசி கோக்கக் கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

ரெமி அரை டம்ளர் கஞ்சி குடித்தான். பக்கத்தில் உட்கார்ந்து பாய் தைத்துக்கொண்டிருந்தேன். அவனாகவே பேச்சை எடுத்தான்.

"மொதலாளிகிட்ட நான் கேக்கல மாமா. மாமா இருக்கிற வரைக்கும் எனக்கு வேண்டாம்னுதான் சொன்னேன். அவருதான் கேக்கல."

பேசாமல் படு என்றேன். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டான்.

அலங்காரத்திடம் இதைச் சொன்னதற்கு, அது உண்மைதான், கிட்டங்கியில் அவன் பேசும்போது தானும் நின்றதாகச் சொல்கிறான். அப்படியானால் அன்றே என்னிடம் ஏன் சொல்லவில்லை? நடந்து முடிந்த பிறகு ஆளாளுக்கு நல்லவர்கள் ஆகிறார்கள். அலங்காரம் எப்போதும் எல்லோருக்கும் பிடித்த மாதிரிப் பேசுகிறவன்.

ஜனவரி 21, செவ்வாய்

காய்ச்சல் கொதிக்கிறது. வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. கை வைத்தால் துடிக்கிறான். நேற்று நன்றாக இருந்தவனுக்கு ஒரே நாளில் என்ன வந்தது என்று புரியவில்லை. எஞ்சினை முழு வேகத்தில் விடச் சொன்னேன். அதற்கு மேல் தண்டல் என்ன செய்ய முடியும்? எங்கள் வயர்லெஸ் கரை கண்ணில் படும் தூரத்தில்தான் பேசும். நடுக்கடலில் அது வெறும் பெட்டி.

முற்பகலில் மேற்கேயிருந்து ஒரு பெரிய சரக்குக் கப்பல் வந்தது. பெரிய கப்பலில் மருந்து இருக்கும், தூரத்துக்குப் பேசும் வயர்லெஸ் இருக்கும், புகை காட்டி நிறுத்துவோம் என்றான் தொம்மை. ஆபத்துப் புகைக் குப்பிகள் என் பெட்டிக்குள் பூட்டியிருக்கின்றன. அவனே போய்ப் பெட்டி முன்னால் நின்றான். கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுக் கொளுத்துவோம் என்றேன். புகை காட்டிக் கூப்பிட்டால் தோணி பெயர், தண்டல் பெயர் எல்லாம் எழுதிக்கொள்வார்கள். எதற்குக் கூப்பிட்டாய், எப்போதிருந்து நோய், ஏன் கரைக்குப் போகவில்லை என்று கேட்பார்கள். அவசரப்பட்டுச் செய்கிற காரியம் இல்லை அது. பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு சாவியைக் கொடுத்தேன். அவன் கொளுத்தியபோது கப்பல் முதுகைக் காட்டிவிட்டது. ஆரஞ்சுப் புகை எங்கள் பாயிலேயே சுற்றிக்கொண்டு நின்றது. கலாசிகள் சட்டையைக் கழற்றி வீசினார்கள். அது நிற்கவில்லை.

பெரிய கப்பல்காரன் எவனும் தோணியை மதிப்பதில்லை. முன்னமே காட்டியிருந்தாலும் நின்றிருக்க மாட்டான்.

அலங்காரம் சமைக்கவில்லை. ரெமியின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு செபமாலை சொல்லிக்கொண்டிருந்தான். எல்லோரும் பழைய சோறு சாப்பிட்டோம். ரெமி செலினைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்கிறான். எங்கள் வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறான்.

ஜனவரி 22, புதன்

மாலே வந்து சேர்ந்தோம். தீவு கண்ணில் பட்டதும் வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டேன். ஏஜெண்ட் படகோடு காத்திருந்தார். துறைமுக ஆட்களும் தாமதிக்கவில்லை. நானும் அலங்காரமும் ரெமியோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் வயிற்றைத் தொட்டதுமே முகம் மாறினார். பக்கத்தில் இருந்த நர்ஸ் மலையாளப் பெண், தமிழ் நன்றாகப் பேசுகிறாள். டாக்டர் கேட்டதை எனக்குச் சொன்னாள். வலி என்றைக்குத் தொடங்கியது? நேற்று முன்தினம் என்றேன். பேதிக்கு ஏதாவது கொடுத்தீர்களா? கஞ்சி மட்டும்தான் கொடுத்தோம் என்றேன். நடந்ததை எல்லாம் சொல்லிக்கொண்டிருக்க அங்கே நேரமில்லை. எப்படி இருந்தாலும் வயிற்றைத் திறக்கத்தானே போகிறார்கள்.

அலங்காரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் நர்ஸிடம் போய், "சனிக்கிழமையிலருந்து வலி இருந்துச்சும்மா. வெளக்கெண்ண கொடுத்தோம்" என்றான். கொடுத்தோம் என்றுதான் சொன்னான். யார் என்று சொல்லவில்லை.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு டாக்டரிடம் ஓடினாள்.

ஜனவரி 23, வியாழன்

சரக்கு இறக்கத் தொடங்கினோம். தண்டல் பக்கத்தில் இல்லாவிட்டால் மூட்டையைத் தண்ணீரில் போட்டுவிடுவார்கள். அதனால் ஆஸ்பத்திரிக்கு அலங்காரத்தைத்தான் அனுப்பினேன். வெங்காயம் நல்ல நிலையில் வந்திருக்கிறது என்று கடைக்காரர் பாராட்டினார். சந்து விட்டு அடுக்கியதன் பலன்.

அலங்காரம் மதியம் வந்தான். ஆபரேஷன் முடிந்ததாம். குடல்வால் வெடித்து வயிறெங்கும் சீழாம். வலி சட்டென்று நின்றது என்றால் அப்போதுதான் வெடித்தது என்று அர்த்தமாம். தொடங்கிய மறுநாளே கொண்டு வந்திருந்தால் சின்ன ஆபரேஷன் என்று நர்ஸ் சொன்னாளாம். இதைக் கலாசிகள் எல்லோரும் கேட்கும்படி சொன்னான். நான் இறங்கும் மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 24, வெள்ளி

ரெமி இன்று காலை இறந்துவிட்டான்.

ஜனவரி 25, சனி

ஏஜெண்ட் நல்ல மனுஷர். முதலாளிக்குப் போன் போட்டுப் பேசி, உடலைத் திருவனந்தபுரம் வரை விமானத்தில் அனுப்ப ஏற்பாடு செய்தார். கூட ஒரு ஆள் போகலாம். அங்கிருந்து வேனில் தூத்துக்குடி. செலினுக்கு முதலாளி வீட்டு அம்மாவே நேரில் போய்ச் சொல்லிவிட்டார்களாம். என்னிடம் போனைக் கொடுத்தபோது லைன் சரியாக இல்லை. அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உடலோடு நான்தான் போவேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். செங்கல் இன்னும் பாதி இறக்க வேண்டியிருக்கிறது. திரும்பிப் போகும்போது மாசிக் கருவாடும் பழைய இரும்பும் ஏற்ற வேண்டும். தண்டல் இல்லாமல் தோணி எப்படித் திரும்பும்? அலங்காரம் போகட்டும் என்றேன்.

தொம்மை எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றான். என்னைத் தண்டல் என்று அவன் கூப்பிடவில்லை.

"நீரே போவும். தோணிய நான் பாத்துக்கிடுதேன். பெத்த மகளுக்கு முன்னால நீருதான் போய் நிக்கணும்."

டிரைவர் தோணி ஓட்டிக் கரை சேர்த்ததாக எங்காவது உண்டா? சட்டப்படியும் அது தப்பு. ஏஜெண்டும் அதையேதான் சொன்னார், நான் கேட்டபோது.

அலங்காரம் பெட்டியோடு போனான்.

ஜனவரி 26, ஞாயிறு

செங்கல் இறக்கினோம். இன்று அங்கே அடக்கம் முடிந்திருக்கும்.

ஜனவரி 30, வியாழன்

நேற்றுப் புறப்பட்டோம். காற்று எதிர். பாய் விரிக்க வழியில்லை, எஞ்சின்தான். வயிற்றில் சுமை குறைந்த தோணி தக்கை மாதிரி ஆடுகிறது.

பண்டாரி இல்லாததால் கலாசிகள் மாறி மாறிச் சோறாக்குகிறார்கள். என் தட்டைச் சுக்கான் அறை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எல்லோரும் பின்பக்கம் தொம்மையோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பேச்சுச் சத்தம் கேட்கிறது. நான் அந்தப் பக்கம் போனால் நின்றுவிடுகிறது. வேலையில் ஒரு குறையும் வைப்பதில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறார்கள். குறை வைத்தால் திட்டலாம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ரெமியின் முறைக்கும் நானே சுக்கான் பிடிக்கிறேன். வேறு யாரையும் கேட்கவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

காற்று எதிர்.

பிப்ரவரி 5, புதன்

தூத்துக்குடி. கஸ்டம்ஸ் வேலை முடிய மதியம் ஆனது. கூடவே இருந்து முடித்துக் கொடுத்தேன். முதலாளி, இதையெல்லாம் நாங்கள் பார்க்க மாட்டோமா, வீட்டுக்குப் போங்கள் என்றார். எல்லாம் முடிந்த பிறகுதான் போனேன்.

வீட்டில் செலின் மட்டும் இருந்தாள். மெலிந்துவிட்டாள். அழவில்லை. குளிக்கத் தண்ணீர் எடுத்து வைத்தாள், சோறு போட்டாள். கை கழுவி வந்த பிறகுதான் கேட்டாள்.

"அப்பா, அவருக்கு என்னைக்கு வலி ஆரம்பிச்சுது?"

மாலே பக்கத்தில் வந்த பிறகுதான் என்று சொன்னேன். ஒரு ராத்திரிதான் அவதிப்பட்டான், எங்களால் முடிந்ததை எல்லாம் செய்தோம், கப்பலுக்குப் புகை காட்டிக்கூடப் பார்த்தோம், கப்பல்காரன் நிற்கவில்லை என்றேன். போனவன் திரும்பி வரப்போவதில்லை. கூடுதலாகத் தெரிந்து இவள் கூடுதலாக அழ வேண்டுமா? பெற்றவனுக்குத்தானே தெரியும் எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்று.

தலையை ஆட்டினாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

கல்லறைக்குப் போனேன். மண் இன்னும் அமரவில்லை. யாரோ புதிதாக மெழுகுவர்த்தி வைத்திருந்தார்கள். திரும்பும்போது எதிரில் அலங்காரம் வந்தான். இனி தோணிக்கு வரவில்லை, பஜாரில் ஒரு ஓட்டலில் சேர்ந்துவிட்டேன் என்றான். செலினிடம் என்ன பேசினாய் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவன் சொல்லியிருந்தால் அவள் என்னிடம் கேட்டிருக்க மாட்டாளே.

பிப்ரவரி 9, ஞாயிறு

செலின் வேளை தவறாமல் சோறு போடுகிறாள். துணி துவைத்துப் போடுகிறாள். சும்மா இருக்கும்போது எதிரில் வந்து உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். ஏம்மா என்றால், ஒன்றுமில்லை என்று எழுந்துவிடுகிறாள். புருஷனை இழந்த பெண். இன்னும் கொஞ்ச நாள் போனால் சரியாகிவிடும்.

தோணியைக் கழுவிச் சுண்ணாம்பு பூசுகிறார்கள். போய்ப் பார்த்து வந்தேன்.

பிப்ரவரி 12, சாம்பல் புதன்

சாயங்காலப் பூசைக்கு இருவரும் போனோம். ஆண்கள் வரிசையில் நான், பெண்கள் வரிசையில் அவள். சாமியார் நெற்றியில் சாம்பல் பூசினார். வெளியே வந்து மாதா கெபிக்குப் பக்கத்தில் அவளுக்காக நின்றேன். வந்தாள். வீட்டுக்குப் போவோம் என்றேன். நான் வரவில்லை என்றாள். புன்னக்காயலில் இருக்கும் ரெமியின் அம்மாவிடம் போகிறாளாம். துணிமணி எல்லாம் மத்தியானமே போய்விட்டதாம். எனக்குத் தெரியவே தெரியாது. ஏன் என்று கேட்டேன்.

"அலங்காரச் சித்தப்பா அவரக் கொண்டு வந்த அன்னைக்கே எல்லாத்தையும் சொல்லிட்டாரு. கொளச்சல்ல எறக்கி விடச் சொல்லி அவரு கேட்டது, நீங்க எண்ணெ ஊத்திக் கொடுத்தது, எல்லாம். உங்க வாயால நீங்க சொல்லுவீங்கன்னுதான் இத்தன நாளா உங்களுக்குச் சோறு போட்டுக்கிட்டு இருந்தேன்."

சத்தம் போடவில்லை. பூசைக்கு வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அப்பாவும் மகளும் பேசிக்கொண்டு நிற்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

நான், காற்று, சரக்கு, கஸ்டம்ஸ் என்று ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். நான் சொல்லி முடித்ததும், "முப்பதாம் நாள் பூசைக்கு நீங்க வர வேண்டாம்பா" என்று சொல்லிவிட்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். நெற்றியில் இருந்த சாம்பலைத் துடைக்காமலே போனாள்.

அவள் சொன்னதில் எனக்கு ஒன்றுதான் பொறுக்கவில்லை. ஊற்றிக் கொடுத்தேனாம். நல்லதற்குத்தானே கொடுத்தேன்?

பிப்ரவரி 14, வெள்ளி

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். துக்கம் கேட்டார். பிறகு, வேறு ஆள் கிடைக்கவில்லை கஸ்பார், தோணியை நீரே எடுத்துக்கிடும், உமக்கு முடிகிற வரைக்கும் நீர்தான் தண்டல் என்றார். பூசை முடிந்த பிறகு புறப்பட்டால் போதும், அவசரம் இல்லை என்றும் சொன்னார். சரக்கு தயாராக இருக்கும்போது எதற்குக் காத்திருப்பது என்றேன். வேலையில் இப்படி ஒரு பிடிப்பு இருக்கிறதே என்று தோளில் தட்டினார்.

தொம்மை வேறு தோணிக்கு மாறிவிட்டான். அவனோடு பழைய கலாசிகளும் போய்விட்டார்கள். முதலாளி கீழவைப்பாரிலிருந்தும் வேம்பாரிலிருந்தும் புது ஆட்கள் பிடித்துக் கொடுத்திருக்கிறார். இளவட்டங்கள். பேச்சுக்கு மரியாதை தெரிகிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

வெங்காயம், உருளைக்கிழங்கு, சிமெண்ட். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். செலின் வந்தால் கொடுக்கச் சொல்லி.

பிப்ரவரி 22, சனி

காலையில் புறப்பட்டோம். செபத்தை நான் தொடங்கினேன். புது ஆட்கள் சத்தமாகச் சொன்னார்கள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

காற்று பின்னாலிருந்து வாட்டமாக அடிக்கிறது. மதியத்துக்கு முன்பே குமரி முனையைத் தாண்டிவிட்டோம். இன்று புன்னக்காயலில் பூசை முடிந்து எல்லோருக்கும் சாப்பாடு போட்டிருப்பார்கள். வடக்கே பார்க்கக் கூடாது என்று இருந்தேன். வானம் தெளிவாக இருந்ததால் கரை தானாகவே கண்ணில் பட்டது.

புது டிரைவர் வேம்பாரைச் சேர்ந்தவன், பெயர் ஜெரோம். எஞ்சினைச் சரிபார்த்துவிட்டு மேலே வந்து பேச்சுக் கொடுத்தான். நல்ல பையன். என்னோடு இந்த நடைக்கு வரலாமா என்று முதலில் யோசித்தானாம். முதலாளிதான் தைரியம் சொன்னாராம்.

"கஸ்பார் தண்டல நம்பிப் போலாம்னாரு. எது நடந்தாலும் பாதி வழியில தோணியத் திருப்ப மாட்டாருன்னு சொன்னாரு."

அவன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னான். எனக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். சோறு ஆறிவிடும், போய்ச் சாப்பிடு என்றேன்.